பதினான்கு இரவுகள்

ஏரியில் பனிக்கட்டி உடைவதை
முதல்முறை கேட்பவர்கள்
யாரோ கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்குகிறார்கள் என்று
செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள்.
எனக்கு இது ஏழாவது ஏப்ரல்.
நான் எழுந்திருப்பதில்லை.

மின்னசோட்டா அரசுப் பூங்காவின்
முகாம் பொறுப்பாளன் நான்.
சம்பளம் கிடையாது.
ஒன்றாம் எண் இடம், இலவச மின்சாரம்,
முதுகில் 'தன்னார்வலர்' என்று எழுதிய சட்டை.
பதிலுக்குக் கழிவறை கழுவுவேன்,
நெருப்பு வளையங்களில் சாம்பல் அள்ளுவேன்,
யார் எத்தனை இரவு என்று குறித்துவைப்பேன்.

பதினான்கு. அதுதான் விதி.
பதினைந்தாவது இரவு யாருக்கும் இல்லை,
ஆளுநரே வந்தாலும்.

இருபத்திரண்டாம் இடத்தில் டார்லா வென்ட்ஸெல்.
பக்கவாட்டில் பழுப்புக் கோடு ஓடும் பழைய டிரெய்லர்.
இடது சக்கரம் சேற்றில் இறங்காமலிருக்க
இரண்டு மரக்கட்டை,
அதன்மேல் காய் நறுக்கும் பலகை ஒன்று,
கத்திக் கீறல்களோடு.
மட்டம் பார்க்கும் குமிழி அவளிடம் இல்லை.
சமையல் மேடையில் ஒரு முட்டையை வைத்துப் பார்ப்பாள்.
உருளாவிட்டால் வீடு.

இரவெல்லாம் வான்கோழித் தொழிற்சாலை.
காலை ஆறரைக்கு அவள் பிக்கப்
முன்விளக்கை அணைத்துக்கொண்டு
சரளையில் ஊர்ந்து வரும்,
தூங்குகிறவர்களை எழுப்பாமல்.
அங்கே அப்போது இருந்தவர்கள்
நான்,
நேற்றுத் திறந்த தண்ணீரில் இன்றே வந்திறங்கிய லூன் பறவைகள் இரண்டு,
ஏழாம் இடத்தில் வாத்துகளைப் படமெடுக்கும் ஒரு பல் டாக்டர்.

"என்ன அமைதி!
இங்கேயே இருந்துடலாம் போலிருக்கு" என்றார் டாக்டர்.
ஞாயிறு மதியம் கிளம்பிவிட்டார்.
டார்லா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் குழாய்களில் தண்ணீர் திறந்தோம்.
முதலில் துரு, பிறகு காற்று,
பிறகு பல் கூசும் தண்ணீர்.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
அவள் தன் ரப்பர் பூட்ஸைக் கழுவினாள்.
அடியில் ஒட்டியிருந்த வெள்ளை இறகொன்று
ஓடையாய் ஓடி
ஏரிக்குப் போகாமல்
என் காலடியில் நின்றது.

அந்த வாரம்தான் மேப்பிள் கிளைகளில் சிவப்பு கசிந்தது.
கட்டைவிரல் நகமளவு தவளைகள்;
சத்தமோ சந்தைக்கடை.
பகலில் தூங்குகிறவள்
இரவுத் தவளைகளைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.
மரங்கொத்தியைப் பற்றிச் சொன்னாள்.
அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

பதினான்காம் நாள் மாலை
கிளிப்போர்டோடு நடந்தேன்.
வழியெல்லாம் வாக்கியங்களைப் போட்டுப் பார்த்தேன்.
'மன்னிக்கணும்' வேண்டாம்.
'நான் எழுதின விதி இல்லை', அதுவும் வேண்டாம்.
'நல்ல வானிலை' என்று தொடங்கலாமென்றால்
தூறிக்கொண்டிருந்தது.

அவள் தண்ணீர்க்குழாயைச் சுருட்டி
முழங்கையில் மாட்டிக்கொண்டு நின்றாள்.
"உன்னைவிட எனக்கு நல்லா எண்ண வரும், நார்பெர்ட்.
இரண்டு ராத்திரி சூப்பர்மார்க்கெட் வண்டிநிறுத்தம்.
வெள்ளிக்கிழமை வந்துடுவேன்.
இந்த இடம் வேண்டாம், பதினேழைக் குடு.
அங்கே காலை வெயில் ஜன்னல்ல விழாது."

நனைந்த தாளில் பேனா எழுதவில்லை.
நகத்தால் கீறினேன்: 17.

புதன்கிழமை
இருபத்திரண்டைச் சுத்தம் செய்யப் போனால்
வளையத்தில் சாம்பல்கூட இல்லை.
பலகை மட்டும் சேற்றில் அழுந்திக் கிடந்தது.
மறந்தாளா, விட்டுப்போனாளா,
கேட்க ஆளில்லை.

குழாயடியில் தேய்த்துக் கழுவினேன்.
பதினேழுக்குக் கொண்டுபோய்
சக்கரம் நிற்கும் இடத்தில் போட்டேன்.
என் குளிர்பெட்டியிலிருந்து ஒரு முட்டை.
பலகையின் நடுவில் வைத்துக் கையை எடுத்தேன்.

கொஞ்சம் யோசித்தது.
பிறகு ஏரிப் பக்கமாக உருண்டது.

முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சரளைக்கல் ஒரு தள்ளுவண்டி நிறைய
அள்ளிவரப் போனேன்.