ஏழு புள்ளிகள்

வாட்ஸ்அப்பில் வந்தது லோகோ.
காசிமேடு விசைப்படகு எஞ்சின் மெக்கானிக் சங்கம்.
யாரோ போட்டிருந்த பனியனை
அவர் போட்டிருந்தபடியே எடுத்த போட்டோ.
நடுவில் மூன்று இதழ் புரொப்பல்லர்,
மேலே ஒரு கடற்காகம்,
அதன் காலுக்குக் கீழே
வயிற்று மடிப்பு ஒன்று
கோணலாக ஓடியது.

தானாக டிரேஸ் செய்ய விட்டேன்.
கம்ப்யூட்டருக்கு மடிப்பும் கோடுதான்,
வியர்வைக் கறையும் கோடுதான்.
ஒரே பறவைக்கு நானூற்றுப் பன்னிரண்டு நோடு.
அப்படியே அனுப்பினால் கட்டர்
நோடுக்கு நோடு நின்று திணறி
பித்தளையைக் கடித்து வைக்கும்.
அழித்தேன், அழித்தேன்.
இப்போது பதினொன்றில் பறக்கிறது.
மடிப்பும் போயிற்று.

சிறகு நுனியில் கோடு மூடவில்லை,
மயிரிழை இடைவெளி.
கண்ணுக்கு அது பறவை.
மிஷினுக்கு,
உள்ளே எது வெளியே எது என்று தெரியாத
வெறும் கம்பி.
பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
இரண்டு முனையையும் ஒட்டினேன்.

பிறகு எழுத்து. மூன்று மில்லிமீட்டர் உயரம்.
கட்டர் நுனி பாயிண்ட் மூன்று.
மெய்யெழுத்தின் புள்ளி பாயிண்ட் இரண்டு.
நுழைய முடியாத இடத்தை
சொல்லாமல் தாண்டிவிடும் மிஷின்.
திரையில் ஓட்டிப் பார்த்தால்
சஙகம.
ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில்
புள்ளியே வைக்க மாட்டார்களாம்.
பித்தளை கிழியாது.
ஏழையும் ஒவ்வொன்றாகப் பிடித்து
ஊதிப் பெரிதாக்கி,
தலையில் இடிக்காமல்
கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன்.

சாயங்காலம் தேசப்பன் வந்தார், நகக்கண்ணில் கிரீஸ்.
திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.
"எல்லாம் கரெக்டாகீது. அந்த அலை எங்கம்மா?"
"எந்த அலை?"
"பறவைக்குக் கீழ. எல்லா பனியன்லயும் இருக்குமே."

பனியனிலிருந்து போட்டோ,
போட்டோவிலிருந்து அடுத்த பனியன்.
முதல் மடிப்பு யார் வயிற்றுடையதோ,
பதினாறு வருஷமாகச் சங்கம்
அதை அச்சடித்துக்கொண்டிருக்கிறது.

நான் எதுவும் சொல்லவில்லை.
அழித்ததைத் திரும்ப வரவழைத்தேன்.
அலைக்கு இரண்டு நோடு போதும், ஒரு வளைவு.

கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் கிளம்பியது.
அது போய் முடியும்வரை தரை நடுங்கும்,
ஜீரோ வைக்க முடியாது.
தகட்டின்மேல் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துக் காத்திருந்தோம்.
அவர் பெட்டிகளை எண்ணினார், ஐம்பத்தெட்டு.
அப்புறம் கட்டரை இறக்கினேன்
துளித்துளியாய்,
டிக்கெட் இழுத்தால்
சிக்கும்வரை.