எண்டர்

ரயில்வே கேட் போட்டால்தான் எனக்கு வியாபாரம்.
மன்னார்குடி பஸ் நின்றதும் நாலு பேர் இறங்கி
ஆதாருக்கு ஜெராக்ஸ் கேட்பார்கள்.
கேட் திறந்தால் மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடுவார்கள்.
நீடாமங்கலத்தில் நேரத்தை நாங்கள்
கேட் கணக்கில்தான் சொல்வோம்.

பழைய மென்பொருள் ஒரு செவ்வாய்க்கிழமை உரிமம் கேட்டது.
விலையைப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்துப் போட்டேன்.
மறுபடியும் கேட்டது.
டோனர் நிரப்ப வரும் சவரிமுத்து
பென்டிரைவிலிருந்து இன்னொன்றை ஏற்றிவிட்டு,
"காசு கிடையாதுக்கா. பழகணும், அவ்வளவுதான்" என்று வண்டியை எடுத்தான்.

எதுவும் அதன் இடத்தில் இல்லை.
தஞ்சாவூர் மெடிக்கலில் ஸ்கேன் ரூம் தேடினாற்போல
அம்புக்குறி காட்டிய இடத்தில்
இன்னொரு அம்புக்குறி.

கையில் அப்போது நூற்று நாற்பத்து மூன்று பக்கம்.
பாசனதாரர் சங்கத்தின் தூர் வாரிய விவரம், வாய்க்கால் வாரியாக.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய் பேச்சு.
செயலாளர் விருத்தகிரி வந்து,
"வாய்க்கால் பேரெல்லாம் பூதம் மாதிரி இருக்கு,
சின்னதாக்கி ஓரமாத் தள்ளும்மா" என்றார்.
அறுபத்தேழு வாய்க்கால்.
ஒவ்வொன்றாய் இழுத்துக் கறுப்பாக்கி
ஸ்பேஸ் தட்டித் தட்டி நடுவில் நிறுத்தியவள் நான்தான்.

காரைக்கால் வண்டிக்குக் கேட் போட்டிருந்தபோது
எஃப் பதினொன்றில் கை பட்டுவிட்டது.
வலது ஓரத்தில் ஒரு பட்டியல் எழுந்தது:
தலைப்பு ஒன்று, தலைப்பு இரண்டு, தலைப்பு மூன்று.
எங்கள் ஊரில் தலைப்பு என்றால் மூணாறு தலைப்புதான்.
வெண்ணாறு வந்து நிற்கும்.
அங்கே ஒரு சாண் கதவு தூக்கினால்
எங்கேயோ முத்துப்பேட்டைக் கோடியில்
யார் வயலோ நனையும்.

இதுவும் அதுதான் என்று புரிய
எனக்கு மூன்று கேட் ஆனது.

முதலில் ஒரு பெயரும் அசையவில்லை.
என் கை போட்ட கறுப்பு மேலேயே நின்றது.
கண்ட்ரோலும் எம்மும் சேர்த்துத் தட்டினால்
கை போட்டது கழன்றுவிடுமாம், சவரிமுத்து போனில்.
கழற்றினேன். ஸ்பேஸை அழித்தேன்.
எவ்வளவு பெரியவன் என்று சொல்லாமல்
'தலைப்பு இரண்டு' என்று மட்டும் சொல்லி வைத்தேன்.
பிறகு ஸ்டைலைத் திறந்து, ஒரே இடத்தில்,
பதினாறைப் பதின்மூன்றாக்கினேன்.

அறுபத்தாறு பேர் ஒரே மூச்சில் உட்கார்ந்தார்கள்.

முப்பத்தெட்டாம் வாய்க்கால் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.
இடையில் யாரோ ஜெராக்ஸுக்கு வந்ததில் விட்டுப்போனவன்.
முறைப்படி என்ன விட்டாலும்
ராத்திரியில் கரையை வெட்டி எடுத்துக்கொள்கிற ஆள்.
கண்ட்ரோல், எம். அடங்கினான்.

கை ஓய மறுத்தது.
பாராவுக்குப் பாரா தட்டிய வெற்று எண்டர்,
அடுத்த பக்கம் போகவென்று
பதினேழு முறை தட்டிய எண்டர்,
எல்லாவற்றையும் தூர் வாரினேன்.
மேலே ஆறு புள்ளி, கீழே ஆறு புள்ளி என்று
பாராவிடமே பொறுப்பைக் கொடுத்தேன்.

கீழ் ஓரத்தில் பக்க எண்ணிக்கை:
நூற்றுப் பதினாறு.

இருபத்தேழு பக்கம் போயே போய்விட்டது.
நானூற்று எண்பத்தாறு ரூபாய்.
இத்தனை வருஷம் நான் விற்றதில்
ஐந்தில் ஒரு பங்கு எண்டர்.

பையனின் வேன் கட்டணம் ஞாபகம் வந்தது.
சாதாரண பாராவின் ஸ்டைலைத் திறந்து
வரி இடைவெளியை ஒன்றரை ஆக்கினேன்.
நூற்று அறுபத்தொன்று!
ஒன்றுக்கு இறக்கினேன். நூற்றுப் பதினாறு.
ஒன்றரை.
ஒன்று.
வெளியே கேட் திறந்து
எல்லா ஹாரனும் சேர்ந்து கத்தி
ரோடு காலியாகும்வரை ஏற்றி இறக்கினேன்.

விருத்தகிரி கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.
"எடை குறையுதே. ஏதாவது வாய்க்கால் விட்டுப்போச்சா?"
"எண்ணிப் பாருங்க."
எச்சில் தொட்டு, நின்றபடியே எண்ணினார்.
அறுபத்தேழு.
நூற்றுப் பதினாறுக்குக் காசு கொடுத்தார்.

அவர் போனதும்
வாசல் பலகையில் 'பக்கம் ரூ. 18' என்றிருந்ததை
ஈரத்துணியால் துடைத்தேன்.
இனி எதற்கு என்ன விலை என்று எழுத?
சாக்பீஸோடு நின்றேன்.
பலகை காய்ந்துவிட்டது.
கேட் இன்னும் போடவில்லை.