ஒன்பதாவது பல்

செத்ரெனிக் மேட்டில்
சமதளம் என்ற ஒன்று சாப்பாட்டு மேசைக்குக்கூடக் கிடையாது.
எங்கள் மேசையின் ஒரு காலடியில்
மடித்துவைத்த மின்கட்டண ரசீது.
சரயேவோவே கீழே ஒரு கிண்ணம் போலக் கிடக்க
இங்கே காரை நிறுத்துவதென்றால்
காரை நம்புவது.

முப்பத்தைந்து வயது கோல்ஃப்.
போன சனிக்கிழமை
பின்சக்கரம் இரண்டுக்கும் நானே ஷூ மாற்றினேன்.
டிரம் புதிது, சிலிண்டர் புதிது,
நகக்கண்ணில் கறுப்பு புதிது.
கால் பிரேக் இரண்டாம் மிதியில் நின்றது.
முதல் மிதியில் ஏன் நிற்கவில்லை என்று
அப்போதே கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.
கை பிரேக்கை இழுத்தேன்.
நாலாவது பல்லில் பிடிக்க வேண்டியது
ஒன்பதாவது பல்லும் தாண்டி
அண்ணாந்து கூரையைப் பார்த்தது.
கார் மெல்ல, மரியாதையாக,
ஃபிக்ரெத்தின் பிளம் மரத்தை நோக்கிப்
பின்னால் நடந்தது.

அன்றிலிருந்து ஒரு கல்.
பள்ளிப்பையைப் பின்னிருக்கையில் வீசிவிட்டு
லமியா அதை மடியில் வைத்துக்கொள்வாள்.
நான் நிறுத்துமுன் குதித்து
சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பாள்.
பேக்கரி வாசலில், பள்ளி வாசலில்,
பல் டாக்டர் வாசலில்.
பதினோரு வயதில் அவளுக்கு
இந்த ஊரின் சரிவுகள் எல்லாம் மனப்பாடம்.

'கேபிளை இறுக்கு' என்றார் ஃபிக்ரெத்
பால்கனியிலிருந்து, காபிக் கோப்பையால் சுட்டி.
இரண்டு நட்டையும் இறுக்கினேன்.
ஒன்பது ஆறானது.
வொகோஷ்சா போய்த் திரும்புகையில்
வலது சக்கரத்தில் தீய்ந்த வாடை.
கையை அருகே கொண்டுபோக முடியவில்லை.
இடது பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது.
ஒருவர் எரிய ஒருவர் சும்மா இருக்க
இதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.
அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினேன்.
அதற்கு மட்டும் பிரேக் பிடித்தது.

ஞாயிறு. ஜாக்கி, இரண்டு மரக்கட்டை.
இறுக்கியதையெல்லாம் முதலில் தளர்த்தினேன்.
கேபிள் தொய்ந்து தொங்கும்வரை.
ஃபிக்ரெத் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது.
இடது டிரம்மைக் கழற்றி
வலதையும் கழற்றி
இங்கும் அங்குமாய்க் குனிந்து பார்த்தேன்,
ஒரே படத்தில் ஆறு வித்தியாசம் தேடுவது போல.
ஒன்றே ஒன்றுதான்.
வலதில் ஆப்பு கீழே இறங்கி
ஷூக்களை அகற்றிப் பிடித்திருந்தது.
இடதில் ஆப்பு உச்சியிலேயே.
அதைக் கீழே இழுக்கும் சுண்டுவிரல் ஸ்பிரிங்
இல்லை.
ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கு வால் போனது;
ஆப்பை இறக்க மறந்தவளுக்கு
எட்டு நாள் போனது.

தகரடப்பா, கோட் பாக்கெட், படிக்கட்டு, புல்.
எங்கும் இல்லை.
லமியா கல்லோடு வந்து நின்றாள்,
வேலை முடிந்ததா என்று பார்க்க.
பையின் ஜிப்பில்
பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது அது.
'படியில் கிடந்தது. அழகா இருந்துச்சு.'
எட்டு நாளாக
மடியில் கல்லும் முதுகில் மருந்துமாய்
என்னோடே வந்திருக்கிறாள்.
திட்ட வாயெடுத்தேன்.
சிரிப்பு முந்திக்கொண்டது.

மாட்டினேன். டிரம்களை மூடினேன்.
இஞ்சினை ஓடவிட்டு
இருபது தரம் மிதித்தேன்.
ஏழாவதிலோ எட்டாவதிலோ
இடப்பக்கம் ஒரு சின்ன 'டக்'.
அதற்குப் பிறகுதான் கேபிளைத் தொட்டேன்.
இரண்டு பல் இழுத்து வைத்து
சக்கரம் கைக்கு முறைக்கும்வரை நட்டைத் திருகி
விட்டுப் பார்த்தால்
இரண்டும் சரளமாய்ச் சுழன்றன.
பிறகு இழுத்தேன்:
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
நின்றது.
ஃபிக்ரெத் உள்ளே போய்விட்டார்.

அவள் ஜிப்புக்கு
பழைய ஸ்பிரிங் ஒன்றைத் துரு துடைத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள்.
கல்லைத்தான் கொடுக்கமாட்டேன் என்கிறாள்.
இன்று காலையும் அது அவள் காலடியில் இருந்தது.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
பேக்கரி வாசலில் முதல் கியர் போட்டு
நான்கு பல் இழுத்து
சக்கரத்தை நடைமேடைப் பக்கம் ஒடித்து
ரொட்டி வாங்குவதற்குள்
மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன்.