ஒரு வெடிக்கு எத்தனை கிலோ

ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிற வேலை எனக்கு.
நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கொள்முதல் நிலையம்,
தார்ப்பாய், தராசு, சணல் தூசி, நான்.
எதன் விலையைக் கேட்டாலும்
நெல்லாகத்தான் மனசில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
தஞ்சாவூர் பஸ் ஏறிச் சுடப் போகிறேன்.
"யாரை?" என்பார் சாக்கு தைக்கிற பக்கிரிசாமி.
காகிதத்தை, அண்ணே.
விரித்த கையகலக் காகிதத்தில்
சின்ன அப்பளமாய் ஒரு கறுப்பு.
அதன் நட்டநடுவில்
சட்டைப் பொத்தான் அகலத்துக்குப் பத்து.

ஒன்றரை வருஷமாய் கிளப் துப்பாக்கி.
ஏழு பேர் வியர்வை ஊறிய பிடி.
சொந்தமாய் ஒன்று வேண்டும்,
சம்பளத்துக்குள் சுடுகிற மாதிரி.

தியோடர் தன் முப்பத்திரண்டை
ஒரு தரம் கையில் கொடுத்தான்.
சுழல் அறை, எண்ணெய் வாசனை, நல்ல கனம்.
அடித்தேன்.
வேலிக்கு அப்பால் நாற்றங்காலில் நின்ற கொக்குகள்
மொத்தமும் எழும்பி வெண்ணாற்றுப் பக்கம் போயின.
பெரியாளாகிவிட்ட மாதிரி இருந்தது,
மணிக்கட்டு வலி தெரியும்வரை.
தோட்டா என்ன விலை என்றேன். சொன்னான்.
ஆறு கிலோ.
ஆறு கிலோ சன்ன ரகத்தை
மண்மேட்டில் இறைத்திருக்கிறேன்.
தாளில் ஓட்டைகூட இல்லை.
இரண்டாவதுக்கு விரல் மடங்கவில்லை.

இருபத்திரண்டு நல்ல பிள்ளை.
ஊசிவெடிச் சத்தம், உதைப்பும் கம்மி.
குண்டுக்கு ஒரு கிலோ.
அறுபது சுட்டால் ஒன்றரை மூட்டை.
வாராவாரம் சுட்டால், குறுவை அறுக்கும்போது
ஒரு மா நிலத்துக் கண்டுமுதல்
புகையாய்ப் போயிருக்கும்.
அதற்கும் முன்னால் உரிமம்:
தாசில்தார், ஆய்வாளர், கலெக்டர் ஆபீஸ் பெஞ்சு.
ரெஜினாவுக்கு மூன்றாம் வருஷம்தான் வந்தது.
வந்த நாலாம் மாசம் தேர்தல் அறிவித்தார்கள்.
துப்பாக்கியைத் துண்டில் சுற்றி
ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு
மாவட்டப் போட்டிக்கு வெறும் கையோடு வந்தாள்,
வேடிக்கை பார்க்க.
"ரசீது இருக்கு, அதை வச்சுக் குறி பார்க்கவா?"
சிரிக்கத்தான் சிரித்தாள்.

மிச்சம் காற்று.
நாலரை மில்லிமீட்டர் ஈயம்,
இடுப்பு சிறுத்த குட்டி உடுக்கை.
டப்பாவுக்கு ஐந்நூறு.
ஒன்றுக்கு ஒரு கைப்பிடி நெல்,
குருவிக்குப் போடுகிற அளவுதான்.
சத்தம், சந்தையில்
வெண்டைக்காய் நுனி ஒடிக்கிற சத்தம்.
கொக்கு திரும்பிப் பார்க்காது.
அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

குண்டு மலிவு, துப்பாக்கி அப்படி இல்லை.
புது ஜெர்மன் சரக்கின் விலையை
மூட்டையில் எண்ணவே இல்லை, லாரியில் எண்ணினேன்.
திருச்சிக் கடையில் செல்வரங்கம்
கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தார்:
"செகண்ட் ஹேண்ட். ஆறு மாசமா நிக்குது.
யாருக்கும் சேரல. இடக்கைப் பிடி."

பில் எழுத எழுத
மை பூசிக்கொள்கிற என் இடக்கையை
மெதுவாக நீட்டினேன்.
வாதுமை மரம் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது.
முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.
பதினேழு சதவீதம் குறையுங்கள் என்றேன்.
"அதென்னங்க பதினேழு?"
தொழில் வழக்கம் என்றேன்.
பன்னிரண்டுக்கு முடிந்தது.

நேற்று ராத்திரி லாரி வரவில்லை.
அட்டியில் பத்தடுக்கு மூட்டை,
குண்டு பல்பு, ஈசல்.
பத்து மீட்டர் அளந்து நின்று
சாக்கில் அச்சடித்த நாற்பதின் சுழியைக்
குறி வைத்தேன், குண்டு போடாமல்.
விசைக்கு ஐந்நூறு கிராம் இழுப்பு,
சாக்குக்குக் கழிக்கிற எடையைவிடக் கொஞ்சம் கம்மி.
மூச்சு பாதியில் நின்றது.
டிக்.

"பட்டுதா?" என்றார் பக்கிரிசாமி, இருட்டிலிருந்து.
குண்டே இல்லை, அண்ணே.
"அப்ப செலவு?"
ஒரு மணி நெல்கூட இல்லை.
யோசித்தார், பீடி ஒரு தரம் சிவந்தது.
"அப்படின்னா இன்னொண்ணு போடு."