மணி: 0/1

ஹாலன் பெங்களூர் போகும்போது
டிவியையும் கேம் பெட்டியையும் என்னிடம் விட்டுப் போனான்.
அவன் சேமிப்பில் தொண்ணூற்றெட்டு சதவீதம்.
கரும்பாறைக் கோட்டை வாசலில், உருவிய வாளோடு,
ஏழு மாதமாக நிற்கிறான் அவனுடைய வீரன்.
உள்ளே மூன்று தலை நாகம். ஒரே ஒரு சண்டை பாக்கி.
"முடிச்சு வைடா" என்று வாரம் ஒருமுறை போன் செய்வான்.

நான் புதிதாக ஆரம்பித்தேன்.
நாற்பத்தோரு மணி நேரம் ஓடிவிட்டது,
முதல் பள்ளத்தாக்கையே இன்னும் தாண்டவில்லை.
இளவரசி சிறையில் இருக்கிறாள், தெரியும்.
அதற்குள் ஆலைக்காரன் பூனையைக் காணோம் என்றான்.
பூனையைத் தேடிப் போன இடத்தில்
தேனடை கேட்டாள் ஒரு சூனியக்காரி.
தேனுக்கு ஏறிய பாறை இடுக்கில்
யாரோ பாதியில் விட்ட கடிதம்.
அது யாருக்கென்று விசாரிக்கவே இரண்டு ராத்திரி.

பகலில் எனக்கு சிலிண்டர் போடுகிற வேலை.
கோத்தகிரி, கட்டபெட்டு, அரவேணு,
வண்டி போகாத லைன் வீடுகள்.
ஆயுதம்: வலது தோள்.
கவசம்: நாலாக மடித்த சாக்கு.
அரவேணுவில் ஒரு வீட்டுக்கு எண்பத்து மூன்று படி.
அறுபதாவது படியில் ஒரு நாய்,
எத்தனை முறை தப்பித்தாலும் அதற்கு பலம் குறைவதே இல்லை.
இறக்கி வைத்ததும் ஆரம்பிப்பார்கள்,
"அப்படியே இந்த பீரோவைக் கொஞ்சம்..."
"தம்பி, குரங்கு டேங்க் மூடியைத் தூக்கிப் போட்டுருச்சு..."
யார் தலைக்கு மேலும் மஞ்சள் ஆச்சரியக்குறி மிதக்காது.
எனக்குத் தெரிந்துவிடும்.
ஒரு வீட்டில் ஐம்பது ரூபாய். ஒரு வீட்டில் நாலு பேரிக்காய்.
ஒரு வீட்டில் நான் திரும்புவதற்குள் தாழ்ப்பாள் சத்தம்.

விளையாட்டிலும் பனி உண்டு.
அது பனியே இல்லை என்றான் ஹாலன்.
தூரத்து மலைகளை வரையப் பெட்டிக்குத் தெம்பு போதாதாம்,
வெள்ளையைப் பூசி மறைத்துவிடுகிறார்களாம்.
அன்றிலிருந்து கீழ்க்கோத்தகிரி ரோட்டில்
மஞ்சு இறங்கும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டுகிறேன்.
அந்தப் பக்கத்தை இன்னும் வரைந்து முடிக்கவில்லை போல.
ஒரு சில்வர் ஓக் வருகிறது, பாதி.
பிறகு ஒரு காட்டெருமை,
முழுசாக,
எந்த அவசரமும் இல்லாமல்.

ஒரே ஒரு பணி கணக்கில் தீர மாட்டேன் என்கிறது.
மேய்ச்சல் வெளியில் ஒருத்தி, பெயர் ஈரா.
தொலைந்த எருமையின் கழுத்து மணியைக் கேட்கிறாள்.
சதுப்பில் இறங்கி, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து
எடுத்து வந்தேன். வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள்.
திரையின் மூலையில் அப்படியே இருந்தது,
மணி: 0/1.
நாலடி நடந்ததும் முதுகுக்குப் பின்னால்,
"வழிப்போக்கரே, ஒரு மணியைப் பார்த்தீரா?"

"அது கோளாறுடா. அப்டேட் போடு, சரியாயிடும்."
பதினாறு ஜிபி.
எங்கள் வளைவில் சிக்னல் ஒற்றைக் கோடு,
அதுவும் மழை இல்லாத நாளில்.
சரி, காரணம் அது இல்லை.
அப்டேட் ஏறிவிட்டால் அவள் கேட்பதை நிறுத்திவிடுவாள்.
இதுவரை இருபத்து மூன்று மணி கொடுத்திருக்கிறேன்.
அவளைச் சுற்றி ஓர் எருமைகூட இல்லை.

போன வாரம் ஹாலன் கூப்பிடவில்லை.
நேற்று கூப்பிட்டான்.
ஆபீஸில் ஏதோ, நாற்பது பேரை, என்று தொடங்கி நிறுத்தினான்.
"முடிச்சிட்டியா அதை?"
"இல்ல."
"நல்லவேளை" என்றான்.
அப்புறம் வெறும் மழைச் சத்தம்,
அவன் பக்கத்திலா என் பக்கத்திலா தெரியவில்லை.
"தொடாதே. நானே வந்து பார்த்துக்கறேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.
கோட்டை வாசல், ஈரா, சேமிக்காத ஒரு மணி நேரம்,
எல்லாம் ஒரே கறுப்பு.
நாளைக்குப் பதினொரு சீட்டு.
எண்பத்து மூன்று படி அதில் இரண்டாவது.
நாய்க்கு ஒரு பொறை வாங்கி
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.