இலக்கம் 212

புளியந்தீவில், கல்லூரி விலங்கியல் கூடத்துக்குப் பின்னால்
'அருங்காட்சியகம்' என்று பலகை மாட்டிய ஒற்றை அறை.
கண்ணாடிக்குள் கடலாமை, போத்தலில் வெளிறிய விலாங்கு.
பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.
மட்டிகளைப் பார்க்க யாரும் வருவதில்லை.
மட்டி என்றால் இங்கே வசவும்தான்.

ஒன்பதாவது லாச்சி.
பஞ்சு விரித்த நெருப்புப் பெட்டிகள், சவர்க்காரப் பெட்டிகள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் கல்லாகிப்போன ஓடு.
வெள்ளத்தில் பதிவேடு ஊறிக் கூழான பிறகு
இரண்டு வருஷமாகத் திரும்பவும் இலக்கம் போடுகிறேன்.
பாதிக்கு மேல்
இடம்: தெரியாது.
எடுத்தவர்: தெரியாது.
இந்த ஊரில் இப்படி எழுத
என் கை கூசாமல் பழகியது
மட்டிகளில்தான்.

212 மட்டும் வாய் திறக்காதது.
சாகிற மட்டி தசை தளர்ந்து தானாய் விரியும்.
ஓடுகள் பிரிந்து, ஒன்று ஒரு கரைக்கும்
மற்றது எங்கேயோவும் போகும்.
மூடியபடி கல்லாகிக் கிடந்தால்
திறக்க நேரமிருக்கவில்லை என்று அர்த்தம்.
மேலே மண் வந்தது. ஒரே நாளில்.
ஒரே இரவாகவும் இருக்கலாம்.
ஓட்டின் வரிகளை லென்ஸ் வைத்து எண்ணினேன்:
ஏழு அகலமானவை,
பிறகு ஒன்று நெருக்கி, அந்த வருஷம் தீனி குறைவு,
பிறகு விளிம்பு.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிய மனிதர் வாசலில் நின்றார்.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்தாராம்,
பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்காம்.
பெயர் ஆதம்லெவ்வை. ஓட்டமாவடி. கிணறு வெட்டுகிறவர்.
"வாகரைப் பக்கம் வெட்டக்குள்ள, பதினாலு முழத்தில
ஊரிப் படை ஒண்டு வந்தது புள்ள.
கொலிஜ் சேர் ஒருத்தர் வந்து
உடையாததுகளைக் கேட்டு வாங்கிப் போனார்.
இஞ்ச கிடக்கா?"

லாச்சியை இழுத்தேன்.
மூடாத கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்
ஒவ்வொன்றாய்ப் பார்த்து வந்தவர்
212இல் நின்றார்.
அதன் ஓரத்தில் ஒரு வெட்டு.
'பழைய சிதைவு' என்று நான் எழுதியிருந்தேன்.
"இது என்ட அலவாங்கு" என்றார்.

புது அட்டை எடுத்தேன். இரண்டு விரல் அகலம்.
இடம்: வாகரை. கிணறு, பதினாலு முழம்.
எடுத்தவர்:
"நில்லுங்க புள்ள. மேல கயிறு பிடிச்சவன் சிவக்கொழுந்து.
வாளியில வந்தத முதல் வெளிச்சத்தில கண்டதும் அவன்தான்.
நான் கீழ, இருட்டுக்குள்ள.
அவன முதல் எழுதுங்க."
எந்த ஊர்?
"கதிரவெளி. அப்ப."
இப்ப?
வெட்டுப் பட்ட இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டார்.
வெளியே வாவிக்கரையில் யாரோ
படகு மோட்டரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.
அது பிடிக்கவில்லை.

இரண்டு பெயருக்கும் எழுத்தைச் சுருக்க வேண்டியிருந்தது.
சிவக்கொழுந்தின் கடைசி எழுத்து
அட்டை விளிம்பில் ஏறி நின்றது.

"எத்தின வருஷத்துச் சாமான் புள்ள?"
ஆறாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம்.
அப்போது கடல் அங்கேதான் நின்றது.
கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார்.
"அப்ப நாங்க ரெண்டு பேரும்
கடலுக்குள்ளதான் கிணறு வெட்டியிருக்கம்."
சிரித்ததில் பஞ்சு ஒரு பக்கம் கழன்றது. ஒட்டிக்கொண்டார்.

வாசல்வரை போனவர் திரும்பினார்.
"தண்ணி எப்படியெண்டு எழுதயில்லையே?"
அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
"உப்புத்தான் வரும் எண்டு ஊரே சொன்னது.
மறுகா, ஊரிக்குக் கீழ ரெண்டு முழத்தில ஊத்து.
முதல் வாளிய அவன் குடிச்சிட்டு
எனக்குச் சொல்லாம நிண்டான், கள்ளன்.
நான் கீழயிருந்து கத்துறன், என்னடா, என்னடா எண்டு."

அவர் போன பிறகு அட்டையைத் திருப்பி
பின்பக்கத்தில், பென்சிலால்:
நல்ல தண்ணி.