எட்டு மாத ஆண்டு

ராடோம் நகரில் அது ஜனவரி.
ஜன்னலின் உட்புறமே பனி பூத்திருந்தது.
திரையிலோ அக்டோபர் முடிந்த மறுநொடி மார்ச்.
அந்தப் பூங்காவின் ஆண்டுக்கு எட்டே மாதம்;
குளிர்காலத்தை யாரோ
கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

மேல்மாடி ப்ஷெமெக் குறுந்தகட்டைப் பிரதியெடுத்துத் தந்தான்,
கூலி: என் பனிச்சறுக்குக் காலணி.
பதினொரு வயதில் முதலாளி ஆனேன்.
மழை பிடித்தால் குடை விலையை ஏற்றுவேன்,
கழிப்பறைக்குக் காசு வைப்பேன்,
உப்பு தூக்கலான வறுவலுக்குப் பக்கத்திலேயே
சோடாக் கடை போடுவேன்.
தண்டவாளத்தை நானே வளைத்து, நானே உயர்த்தி,
முதல் ரயில் ஆளில்லாமல் ஓடித் திரும்பும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

வருகிறவர்களுக்குப் பெயர் வைக்கலாம்.
நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள், சிவப்புச் சட்டை,
வீஸ்வாவ் என்று வைத்தேன்.
அப்பாவின் பெயர்.
ஹாம்பர்க் போய் இரண்டு வருடம்,
தொலைபேசி மணி அடித்து ஒன்பது மாதம்.

பிறகு வாசலுக்குப் போகும் நடைபாதையில்
ஒரே ஒரு கல்லைப் பெயர்த்தேன்.

சுற்றிச் சுற்றி வந்தார்.
பச்சை பலூன் வாங்கி, கைநழுவ விட்டார்.
பெஞ்சருகே வாந்தி எடுத்தார்,
துப்புரவாளர் ஏழு வந்து துடைத்தார்.
அவர் நினைப்பதையெல்லாம் ஒரு கட்டத்தில் படிக்கலாம்:
'வீட்டுக்குப் போக வேண்டும்.'
'வாசல் எங்கே?'
எனக்குத் திருப்தியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

காலணி ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
அம்மா வந்தாள், விரலெல்லாம் பசை நாற்றம்.
மேலங்கியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
பெயரைப் படித்துவிட்டாள்.

'இதில் எந்த ஆள்?'
'அந்தச் சிவப்பு.'

மவுஸைத் தொட்டே பழக்கமில்லாதவள்.
இடுக்கியால் அவரைத் தூக்கினாள்,
ஆகாயத்தில் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.
மெல்ல, மிக மெல்ல
ஏரிக்கு நேர் மேலே கொண்டுவந்தாள்.
இன்னொரு சொடுக்கு போதும்.
அங்கே யாருக்கும் நீச்சல் தெரியாது.

'உள்ளே வர எவ்வளவு கொடுத்தான்?'
'பத்து.'
'திருப்பிக் கொடுத்துவிடு.'
'அதற்குப் பொத்தான் இல்லையம்மா.'

கெட்டில் கூவியது. எழுந்து போனாள்.
அவர் அங்கேயே தொங்கினார்.
கீழே மே போயிற்று, ஜூன் போயிற்று.

வறுவல் கடை முன்னால் இறக்கிவிட்டேன்.
பெயர்த்த கல்லைப் பதித்தேன்.
வாசல் பத்தடியில், திறந்து கிடந்தது.
அவர் திரும்பினார்,
இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு
ரயில் வரிசையின் வாலில் போய் நின்றார்.

'போய்விட்டானா?' சமையலறையிலிருந்து.
'போயாச்சு.'

ரயில் உச்சியில் பழுதாகி நின்றது.
வரிசை நகரவில்லை.
மெக்கானிக்கை நான் கூப்பிடவில்லை.